அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையில்

எங்கள் கழகத்துக்குக் கோல் காத்தவன் காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன். தகப்பன் இல்லை. தமையனுடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்தான். எங்கள் வீடு பண்டத்தரிப்பில். அப்பா மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நானும் அவனும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். படிப்பு முடிந்து அவன் கடலுக்குப் போனான், நான் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வீட்டில் இருந்தேன். பந்தடியால்தான் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஆட்டம் உள்ள நாள்களில் கரைக்கு வந்த கையோடு கிணற்றில் நாலு வாளி அள்ளி ஊற்றிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட அப்பா என்னை விடுவதில்லை. கர்த்தருடைய நாளில் காற்சட்டையோடு ஓடித்திரிவது அவருக்கு ஆகாது. அந்தச் சுற்றுப்போட்டி ஒரு சனிக்கிழமையில் அமைந்தபடியால்தான் நான் அதில் ஆடினேன். அறுபதுகளின் நடுப்பகுதி. காலையில் அரையிறுதி, பின்னேரம் இறுதி. மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

அரையிறுதியில் நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு நின்றோம். முடிய ஐந்து நிமிடம்கூட இருந்திருக்காது. எதிர்ப்பக்கத்தாருக்கு ஒரு கோர்னர் உதை கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. அதை வெளியே அடிக்க நான் பாய்ந்தேன். பிடிக்க அவனும் பாய்ந்தான். என்னுடைய வலது முழங்கால் அவனுடைய இடது நெற்றிப்பொட்டில் போய் மோதியது. கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டதாம்.

எனக்குக் கேட்டது என் குரல்தான். விழும்போது கால் முறுகி, முழங்கால் சிரட்டை இடம் பெயர்ந்து வெளிப்பக்கமாகப் போய் நின்றது. இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம், இருக்கக்கூடாத இடத்தில் மேடு. அதைப் பார்த்த பிறகு இன்னும் பலமாகக் கத்தினேன். மைதானத்தில் நின்ற அத்தனை பேரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் காலை இழுக்கப் பார்த்தார், இன்னொருவர் அவரைப் பிடித்துத் தள்ளினார். யாரோ சோடாவை உடைத்து என் முகத்தில் ஊற்றினார்கள்.

அவன் கோல் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தானாம். பிறகு தானாக எழுந்து இருந்து, தலையை உலுப்பிவிட்டு, என்னிடம் வந்தான்.

"டேய், கத்தாதை. நான் பிடிச்சிட்டன்," என்றான். பந்து உண்மையிலேயே அவன் கையில் இருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். நெற்றிப்பொட்டில் சின்னதாக வீக்கம், அவ்வளவுதான். இரத்தம் இல்லை. மிச்ச நேரத்தையும் அவனே நின்று ஆடி முடித்தான். நாங்கள் வென்றோம்.

எங்கள் கப்டன் ஒரு வாடகைக் காரைப் பிடித்து, முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் ஒருவரிடம் என்னைக் கொண்டுபோனார். அவன் பின் சீற்றில் இருந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கார் குழிகளில் விழும்போது கால் ஆடாமல் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தான்.

"மச்சான், ஆட்டம் முடிஞ்சுதோ?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது. வெண்டிட்டம்," என்றார் கப்டன்.

"எத்தினை கோல்?"

"ஒண்டு."

கார் கொஞ்சத் தூரம் போனது. "ஆட்டம் முடிஞ்சுதோ?" என்று மறுபடியும் கேட்டான். கப்டன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவன் எப்போதும் ஏதாவது பகிடி விட்டுக்கொண்டிருப்பவன். பரியாரியார் வீட்டுப் படலையில் கார் நின்றபோது மூன்றாம் தரமும் கேட்டான். "உவனுக்கு வெண்டது நம்பேலாமல் கிடக்கு," என்றார் கப்டன். நோவுக்குள்ளும் நான் சிரித்தேன்.

பரியாரியார் என்னைப் பாயில் கிடத்தி, என்னோடு கதைத்துக்கொண்டே காலை மெல்ல மெல்ல நீட்டி, ஒரே தள்ளில் சிரட்டையை இடத்தில் வைத்தார். அந்தக் கணத்தில் எனக்குக் கண் இருண்டது. பிறகு மூலிகை அரைத்த புக்கை வைத்து, மூங்கில் தப்பைகளோடு துணியைச் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"உமக்கென்ன தம்பி, நெத்தியிலை?"

"ஒண்டுமில்லை ஐயா. இடிபட்டது."

அவர் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டார். வெளியே வந்து காரில் ஏறும்போது அவன் வேலியைப் பிடித்துக் குனிந்து, ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். "வெறுவயித்திலை வெயிலுக்குள்ளை நிண்டது," என்றார் கப்டன். கடலால் வந்தவன் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது உண்மைதான்.

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். என்னை விறாந்தையிலிருந்த கட்டிலில் கிடத்தினார்கள். அம்மா அவனுக்குச் சோறு போட்டா. இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"தலை இடிக்குதம்மா. கொஞ்சம் படுத்தெழும்பினால் சரிவரும். மூண்டு மணிக்கு எழுப்பிவிடுங்கோ, இறுதியாட்டம் கிடக்கு."

"படு தம்பி. நான் எழுப்பிறன்," என்று அம்மா பாயை என் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தா. அவன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். நான் அவனோடு கதைக்க நினைத்தேன். "பிறகு கதைப்பம்," என்றான்.

சற்று நேரத்தில் குறட்டை விடத் தொடங்கினான். பெரிய, கரடுமுரடான குறட்டை. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "பாவம், இரவு முழுக்கக் கடலிலை நிண்ட பிள்ளை," என்றா. அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். வீட்டில் எல்லாரும் பாதத்தைத் தூக்கி வைத்து நடந்தார்கள். நான் என் முழங்கால் நோவோடு கிடந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடைக்கிடை அது நின்று, நெடுநேரம் கழித்து மறுபடி தொடங்கியது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல நித்திரை என்று பொறாமைகூடப் பட்டேன்.

மூன்று மணிக்கு அம்மா வந்து தோளில் தட்டினா. "தம்பி, எழும்பு." அவன் எழும்பவில்லை. இன்னும் பலமாக உலுப்பினா. அதற்குள் கப்டனும் காலையில் பிடித்த அதே காரில் வந்துவிட்டார். "எழும்படா, நேரம் போட்டுது!" என்று துவாயை இழுத்தார். வாயோரம் நுரை வழிந்திருந்தது. கப்டன் அவனுடைய கண் இமைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கண்ணின் கருமணி சின்னதாக இருந்தது. மற்றக் கண்ணில் அது கறுத்துப் பெரிதாக விரிந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டா.

அப்பாவும் கப்டனும் அவனைத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். நான் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்து விழுந்தேன். அம்மாவும் அவர்கள் பின்னால் ஓடிவிட்டா, என்னைத் தூக்க யாரும் மிச்சம் இருக்கவில்லை. விறாந்தை நிலத்தில் கிடந்தபடி கார் படலையைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இருந்ததாம். அதற்கு மேல் அது அதிக நேரம் இருக்கவில்லை. இருட்டிய பிறகு அப்பா தனியாகத் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். நானே விளங்கிக்கொண்டேன்.

செத்தவீட்டுக்கு என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். முற்றத்தில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவனுடைய தமையன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். என் கால் கட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, அவன் உங்களோடை கடைசியா என்ன கதைச்சவன்?" என்று கேட்டார்.

"பிறகு கதைப்பம் எண்டவன், அண்ணை," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

என் முழங்கால் முழுமையாகச் சரிவரவில்லை. மடக்கினால் சிரட்டை வழுகும். பந்தடி அதோடு நின்றது. சில வருடங்களுக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கே முதலுதவி படிப்பிக்க ஒரு டாக்டர் வந்துபோவார். முன் மயிர் உதிர்ந்த, குரலை உயர்த்தாத மனிதர். ஒரு நாள் அவர் கேட்டார்: "மைதானத்திலை ரெண்டு பேர் மோதுப்பட்டு விழுந்திட்டினம். ஒருத்தன் கத்துறான். மற்றவன் பேசாமல் கிடக்கிறான். முதல் ஆரிட்டைப் போவியள்?"

"கத்துறவனிட்டை," என்றது வகுப்பு.

"கத்திறதுக்கு அவனுக்கு மூச்சும் நினைவும் இருக்கு. அவன் பொறுப்பான். மற்றவனைப் பாருங்கோ," என்றார். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். தலையில் அடிபட்டு ஒரு நிமிடமாவது நினைவு தப்பினவனை, எழுந்து நின்றாலும், திரும்ப ஆட விடக்கூடாது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் கவனிக்கவேண்டும். சத்தி எடுத்தால், தலையிடி கூடினால், வெளிச்சம் கூசினால் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். சில பேர் நல்லாக எழும்பி நடந்து கதைப்பார்கள், அந்த நேரம் மண்டை ஓட்டுக்குள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். நித்திரை என்று விட்டுவிடாதீர்கள். குறட்டையை நம்பாதீர்கள். கண்மணிகள் இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள்.

மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். அந்தச் சனிக்கிழமையை யாரோ பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்வது போல இருந்தது.

வகுப்பு முடிந்து அவர் பின்னால் போனேன். "டொக்டர், அப்பிடி ஒராளை உடனை கொண்டு வந்திருந்தால் தப்பியிருக்குமோ?"

நின்று என்னைப் பார்த்தார். "நேரத்துக்கு வந்தால், மண்டையோட்டிலை துளை போட்டு ரத்தத்தை எடுத்து விட்டால் தப்பிறவையும் இருக்கினம். தப்பாதவையும் இருக்கினம். உங்கடை ஆரும்?"

"கூட்டாளி."

"அண்டைக்கு உங்களுக்கு உது தெரிஞ்சிருக்க நியாயமில்லை," என்றார். நல்ல மனத்தோடு சொன்னார். எனக்கு அது எந்த ஆறுதலையும் தரவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அவனுடைய வீட்டுக்குப் போனேன். தமையன் கரையில் வள்ளத்தைக் கவிழ்த்து வைத்து அடிப்பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் கல்பத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பருவத்தைப் பற்றியும் மீனைப் பற்றியும் கதைத்தோம். பிறகு, டாக்டர் சொன்ன அவ்வளவையும் அவருக்குச் சொன்னேன். காருக்குள் அவன் மூன்று தரம் கேட்ட கேள்வியை, வேலியடியில் சத்தி எடுத்ததை, குறட்டையை, எல்லாவற்றையும். அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, மத்தியானமே கொண்டு போயிருந்தால்?"

"தப்பியிருக்கலாம் அண்ணை. நிச்சயமாச் சொல்லேலாது. ஆனால் தப்பியிருக்கலாம்."

அவர் கடலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வள்ளத்தின் பலகையை விரல்களால் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா அது அவன்ரை விதி எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா," என்றார் கடைசியில். "உதை அவவுக்குச் சொல்லிப்போடாதையும்."

"சொல்லமாட்டன்."

"எனக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம், தம்பி."

அவர் உளியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். நான் வீட்டுப் பக்கம் நடந்தேன். தாய் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வா ராசா, வெயிலுக்குள்ளை ஏன் நிக்கிறாய்?" என்று கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தா. என் சம்பளம் எப்போது தொடங்கும், கலியாணம் எப்போது என்று கேட்டா. நான் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னேன்.

தமையன் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மரியாதையாகத்தான் நடந்தார். ஆனால் "தம்பி" என்பது போய், "மாஸ்டர்" என்று கூப்பிடத் தொடங்கினார்.