வெள்ளவத்தையில் செத்தல் வறுத்த காலம்

கறித்தூள் வியாபாரத்தில் லாபம் வருவதற்கு முன் தும்மல் வரும். செத்தல் மிளகாய் வறுத்துப் பிழைத்த எவரும் இதை மறுக்கமாட்டார். புகையில் கண் கலங்கினால் ஏனென்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே வசதி. யுத்த காலத்துக் கொழும்பில் எனக்கு அந்த வசதி நிறையவே தேவைப்பட்டது.

வீட்டுக்கார அம்மா

மகளின் கண் ஒப்பரேஷனுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று ஒரு பெட்டியோடு வந்தேன். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் அதற்குள் சண்டை மூண்டு, ஊருக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். கணவருக்கு அங்கே தபால் கந்தோரில் வேலை. படுக்கையில் கிடந்த தாயைத் தனியே விட்டு அவராலும் வர முடியவில்லை.

மகளும் நானும் வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். கையிலிருந்தது கரைந்ததும் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைத் தொடங்கினேன். செத்தல், மல்லி, சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்து, கடதாசியில் சரை கட்டி அக்கம்பக்கத்தில் விற்றேன். முதல் நாளே மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இருமிக்கொண்டு இறங்கி வந்தா. அவவும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், வந்து வருசக்கணக்கு. வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறா என்று நான் பயந்தேன். வாசலில் நின்று மூச்சை இழுத்தா, கண்ணை மூடினா. பிறகு சொன்னா:

"அடுப்பை அணை பிள்ளை, மேல்வீட்டுச் சனம் இருமிச் சாகுது. அணைக்க முதல் எனக்குக் கால் கிலோ எடுத்து வை."

பிலோமினா அக்கா

அனெக்ஸில் இனி வறுக்க முடியாது என்றானதும் கொட்டாஞ்சேனையில் ஒரு கொல்லைப்புறம் தேடிப் பிடித்தேன். அது பிலோமினா அக்காவின் வீடு. புருஷன் துறைமுகத்தில் வேலை. வாடகை பேசப் போன என்னிடம், தானும் பங்காளியாகச் சேருவதாகச் சொல்லிவிட்டா. இரண்டு பேரும் வறுப்போம்; கிராண்ட்பாஸில் ஒரு மில்லில் அரைத்து எடுப்போம்.

ஒருநாள் மில்லிலிருந்து த்ரீவீலரில் வரும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் சிப்பாயின் முகம் மாறியது. மூட்டையைத் துவக்கு நுனியால் தட்டி, சிங்களத்தில், "சாப்பாட்டுச் சாமான் என்றால் சாப்பிட்டுக் காட்டு" என்றான். என் கை மூட்டைக்குள் போக மறுத்தது. பிலோமினா அக்கா என்னைத் தள்ளிவிட்டு, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் மென்று விழுங்கினா. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போகச் சொன்னான். திருப்பம் தாண்டியதும் அவவின் கையைப் பிடித்து நான் அழுதேன். அவ இருமி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னா:

"இந்த முறை மல்லி கூடிப்போச்சு தங்கச்சி. நான் அப்பவே சொன்னேன், நீ கேக்கல்ல."

லொட்ஜில் இருந்த தாய்

அந்த நாட்களில் எங்களிடம் தூள் வாங்கியவர்களில் பாதிப் பேர் சமைக்க வாங்கவில்லை. வெளிநாடு போகும் பெட்டிக்குள் வைக்க வாங்கினார்கள். லொட்ஜ் அறைகளில் விசாவுக்கும் ஏஜென்சிக்காரனுக்கும் காத்துக்கிடந்த சனம்.

அதில் வவுனியாவிலிருந்து வந்த ஒரு தாய். கனடாவில் இருக்கும் மகனிடம் போகப் பயணம் சரிவந்துவிட்டது என்று ஒரு கிலோ வாங்கிப் போனா. பயணம் பிந்தியது. தூளைத் திருப்பிக் கொண்டுவந்து, புதிதாக வறுத்தது தரச் சொன்னா. மறுபடி பிந்தியது; மறுபடி வந்தா. பழைய தூளும் பழுதில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். கணவரின் கடிதம் வந்து மாதக்கணக்காகியிருந்த நேரம் அது. என் குரலில் எரிச்சல் இருந்திருக்கும். அவ கோபிக்கவில்லை. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா:

"மணம் போன தூளைக் குடுத்தா, அம்மா மாறிட்டா எண்டெல்லே பிள்ளை நினைப்பான்."

நான் புதுத்தூள் கட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு அவ வரவில்லை. மகனிடம் போய்ச் சேர்ந்திருப்பா என்றே இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அவவின் சொல்லோடு இந்தத் துணுக்கை முடிக்க மனம் வரவில்லை.

மெஷின்

பெட்டிகளில் போன தூளைத் தேடி வெளிநாட்டிலிருந்தே ஓடர் வரத் தொடங்கியது. லண்டனில் கடை வைத்திருந்த ஒருவர், மாதாமாதம் வேண்டும் என்றார். ஆனால் ஒவ்வொரு பக்கெட்டும் ஒரே நிறம், ஒரே ருசியாக இருக்க வேண்டும். கம்பனி பதிந்தோம். மட்டக்குளியில் ஒரு ஷெட், வறுக்க ஒரு மெஷின், பக்கெட் கட்டப் பக்கத்து வீட்டுப் பெண்கள். பிலோமினா அக்கா கைப்பிடியாக அள்ளுகிற அளவைத் தராசில் போட்டு கிராம் கணக்காக்கப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நிறை காட்டியது. கடைசியில் நடுவாக ஒன்றை முடிவு செய்தோம்.

லண்டன்காரருக்கு முதல் தொகுதி நன்றாகப் பிடித்தது. ஓடர் பெருகியது. நான் இனிப்பும் ஒரு பக்கெட்டும் எடுத்துக்கொண்டு பிலோமினா அக்காவிடம் போனேன். அக்கா பக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தா:

"நிறம் இருக்கு, காரம் இருக்கு. பசி மட்டும் வரல்ல."

பாதை திறந்த பிறகு

சமாதானம் என்றார்கள், பாதை திறந்தது. படுக்கையில் கிடந்த மாமி அதற்கு முந்தியே செத்துப்போயிட்டா. ஒரு பகல், மட்டக்குளி ஷெட்டின் கேற்றடியில் ஒரு மெலிந்த மனிதர் பையோடு நிற்பதைக் கண்டேன். ஓடர் கேட்டு வந்தவராக்கும் என்று காவற்காரர் கதிரை எடுத்துப் போட்டிருந்தார். என் கணவர்தான், தலை நரைத்துப்போயிருந்தது. "தனிய வழி விசாரிச்சு வந்தனீங்களோ?" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது. "ஓம்" என்றார்.

அன்று மீன் குழம்பு வைத்தேன். புதுப் பக்கெட் ஒன்றை உடைத்துப் போட்டேன். என்னைவிட உயர்ந்துவிட்ட மகள் சோறு பரிமாறினாள். அவர் முதல் வாய் வைத்ததும் அவர் முகத்தையே பார்த்தேன்; எந்த வியாபாரியின் முகத்தையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அவர் வழித்துச் சாப்பிட்டு, கை கழுவாமலே கேட்டார்:

"குழம்பு நல்லாயிருக்கு. ஆனா இது கடைத்தூளெல்லோ? நீ வறுத்தது இல்லையோ?"

கடல் கடந்து சரக்கு அனுப்பும் கம்பனியின் முதலாளி நான். ஆனால் என் கையால் வறுக்கும் தூளுக்கு இன்றுவரை ஒரேயொரு வாடிக்கையாளர்தான், அவரும் காசு கொடுத்து வாங்குகிறவர் இல்லை.