காரணம்: மழை

டைல்ஸ் கிடங்கிலிருந்து லாரிகளை அனுப்பிவைக்கும் எழுத்தருக்கு எல்லோரும் வைத்த பெயர் லாரியம்மா. நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு மாலைக் கல்லூரி ஆசை வந்தது. நிறுவனத்தை நடத்தத் தகவல் எப்படி உதவுகிறது என்பதுதான் பாடம்.

"இருக்கிற வேலை போதாதுன்னு இது வேறயா?" என்றார் கணவர்.

"உங்களை நிர்வாகம் பண்றதுக்குத்தாங்க."



கடைசி ஆண்டில், வேலை பார்க்கும் இடத்தையே ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். மேலாளர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுப் படிப்பும் அம்போ.

மேலாளர் உற்சாகமாகத் தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா, லாரி லேட்டா கிளம்புறதுக்கு நூத்துக்குத் தொண்ணூறு மழைதான் காரணம். இதை வச்சுத்தான் முற்றத்துக்குக் கூரை போட்டேன், டிரைவருங்களுக்கு ரெயின்கோட் வாங்கினேன். தகவல்தாம்மா எல்லாம்!"

அந்த ஊரில் மழை எட்டிப் பார்ப்பதே வருஷத்தில் பத்து நாள். காரணம் என்ற கட்டத்தை ஆறு வருஷமாக நிரப்புவது லாரியம்மாதான். அதை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது. பட்டியலில் முதலில் இருந்தது மழை. வெளியே ஹாரன் காதைக் கிழிக்கும்போது பட்டியலைக் கடைசிவரை யார் படிப்பது?

அன்றிலிருந்து ஒவ்வொரு லாரியும் நிஜமாக எதற்காக நிற்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாள். குறிக்கக் குறிக்கச் சோறு இறங்கவில்லை. மறைத்தால் அறிக்கை பொய். சொன்னால் கையெழுத்தும் போச்சு, வேலையும் போச்சு.

"உள்ளதை எழுதும்மா" என்றாள் மகள்.

"வேலை போனா உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிடவா?"

"தாராளமா. பாத்திரம் மட்டும் நீ கழுவிடு."

மாதத்தின் கடைசி நாள், பகல் இரண்டு மணிக்கு, அறிக்கையை மேலாளர் மேசையில் வைத்தாள். படிக்கப் படிக்க அவர் நெற்றி சுருங்கியது.

"அப்போ மழை இல்லையா?"

"இல்லீங்க சார். நான் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டது."

"நான் வாங்கின ரெயின்கோட்டு?"

"நல்ல துணி சார். டிரைவருங்க கண்ணாடி துடைக்கிறாங்க."

"பின்ன எதுக்குத்தாம்மா லேட்டாகுது?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு சார்."

புரட்டினார். லாரி வாசலைத் தாண்டுவதற்கான சீட்டில் மேலாளரின் கையெழுத்துக்குக் காத்திருந்த நேரம்: சராசரி ஒரு மணி நாற்பது நிமிடம்.



"இப்படி ஒரு காரணம் பட்டியல்லயே இல்லையே?"

"பட்டியல் போட்டது நீங்கதானே சார்."

மேலாளர் அவளைப் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைப் பிடுங்காத குறையாக எடுத்துச் சரசரவென்று கையெழுத்திட்டார்.

"எத்தனை மணிக்குக் கொண்டுவந்தீங்க?"

"ரெண்டு மணிக்கு சார்."

"இப்ப ரெண்டு பன்னிரண்டு. அதையும் அறிக்கையில எழுதுங்க."