லாடம் கரைந்த வாளி

மருதாளை வம்புக்காரி என்று சொல்பவர்கள் திருப்பூரில் நிறையப் பேர் உண்டு. பொய்க்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை. அதனால் இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான்.

1993 சித்திரை. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள் மருதாள். கூட வேலை பார்த்த பெண்ணைச் சூப்பர்வைசர் லிங்கசாமி கை நீட்டி அடித்தான். மருதாள் எல்லோர் முன்னாலும் அவனை நாலு கேள்வி கேட்டு, வேலையையும் விட்டு வெளியே வந்துவிட்டாள். "பசிச்சா தானா வந்து கால்ல உழுவா" என்று அவன் சொல்லித் திரிவது அவள் காதுக்கும் வந்தது. அன்றைக்கே காதுத் தோட்டை விற்றாள். முதலிபாளையத்துப் பழைய இரும்புக் கடையில், மழையில் கிடந்து துருவேறிய ஒரு ஓவர்லாக் மிஷினை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

திங்கட்கிழமை தைக்கத் துணி தருவதாக ஒரு யூனிட்டில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மிஷின் ஓடாவிட்டால் துணி வேறு வீட்டுக்குப் போய்விடும். பிறகு லிங்கசாமி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். துரு அசையவில்லை. பேட்டரிக் கடை அழகுமலைதான் வழி சொன்னான். வாளித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த மிஷின் சாமான்களை அதில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும்.

"மைனஸ் வயருல உங்க சாமானைக் கட்டுங்க அக்கா. பிளஸ்ல வேற ஏதாச்சும் இரும்பு. எவர்சில்வர் வேண்டாமுங்க. பிளஸ்ல இருக்கறது கரையும், உங்குளுது சுத்தமாகும். சார்ஜர் அலமாரியில இருக்குது, எடுத்துக்கங்க" என்றவன், லாரிக்காரர் ஒருவர் கூப்பிட அவர் பின்னால் போய்விட்டான்.

கரைவதற்கு எந்த இரும்பைக் கொடுப்பது? வீட்டில் கண்ணில் பட்டது ஒன்றுதான். வாசல் நிலையில் யாரோ என்றைக்கோ அடித்துவைத்த குதிரை லாடம். சுத்தியலோடு அவள் ஸ்டூலில் ஏறியதும் பக்கத்து வீட்டுப் பழனாயி ஓடி வந்தாள்.

"அதைக் கழட்டாதே அம்மிணி. இரும்பு இருக்கற வாசல்ல எதுவும் உள்ள வராது."

"அது இருந்தப்பத்தானுங்க அக்கா என்ர வேலை போச்சு. எதைத் தடுத்துச்சு?"

லாடம் கையோடு வந்தது.

சனிக்கிழமை காலை மிஷின் சாமான்களைக் கழற்றி வாளியில் தொங்கவிட்டு வேலையை ஆரம்பித்தாள். சார்ஜர் தூக்குவதற்கு லேசாக இருந்தது. சுவிட்சைப் போட்டாள். அதிலிருந்த மீட்டர் முள் அசையவில்லை. முள்தான் கெட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். ஏனென்றால் வாளிக்குள் குமிழி கிளம்பிவிட்டது. சொர்... சொர்... லாடத்தைச் சுற்றிப் பழுப்பு நுரை கட்டியது.

சரியாகப் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. அந்தக் கோடையில் தினமும் போகிற கரண்ட்தான். ஃபேன் நின்றது. தெருவெங்கும் தையல் மிஷின்களின் சத்தம் அடங்கியது.

வாளி மட்டும் அடங்கவில்லை.

சொர்... சொர்...

பிளக்கைப் பிடுங்கினாள். கிளிப்புகளையும் கழற்றி எறிந்தாள். அப்போதும் நிற்கவில்லை.

லாடம் வளையல் கனத்துக்கு வந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒடிந்து அடியில் விழுந்தது.

டிங்...

தாழ் போட்டிருந்த வாசல் கதவு திறந்தது. வெளியே ஒரு இலைகூட ஆடவில்லை.

அப்புறம் அவள் முதுகுக்குப் பின்னால்...

டர்ர்ர்ர்...

மிஷினில் பெல்ட் இல்லை. ஊசி இல்லை. நூலை வாங்கிக் கோக்கிற லூப்பர் இரண்டும் வாளிக்குள் கிடந்தன.

டர்ர்ர்ர்...

பெடல் கீழே போனது. மேலே வந்தது.

மிஷின்மேல் கிடந்த வேஸ்ட் துணி மெல்ல நகர்ந்தது. அதன் ஓரத்தில் தையல் விழுந்துகொண்டே வந்தது... ரோஸ் நூல்.

அவளிடம் இருந்தது வெள்ளை நூல் மட்டும்.

திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள். ஓடலாம். ஓடினால் எங்கே போவது? லிங்கசாமியிடமா? அந்த நினைப்பு வந்ததுதான் தாமதம், பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"இங்க பாரு" என்றாள். "நீ யாரா வேணா இரு. இது என்ர மிஷின். திங்கக்கெழமை எனக்குத் துணி வருது. நா இந்த ஊட்டை உட்டுப் போக மாட்டேன். இருக்கறதுன்னா இரு. என்ர பொழப்பைக் கெடுக்காதே."

டர்ர்...

நின்றது. வாளியும் அடங்கியது.

மிஷின் முன்னாலிருந்த ஸ்டூல் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. யாரோ எழுந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

மருதாள் போய் உட்கார்ந்தாள். ஸ்டூல் சூடாக இருந்தது.

சாமான்களைத் துடைத்தபோது கறுப்புப் பொடி கையோடு வந்தது. அடியில் இரும்பு பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் மாட்டி எண்ணெய் விட்டாள். திங்கட்கிழமை துணி வந்தது. மிஷின் ஓடியது. லிங்கசாமி காத்திருந்ததுதான் மிச்சம்.

அந்த வாரக் கடைசியில் சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அழகுமலை அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதையா அக்கா கொண்டு போனீங்க? நா சொன்னது மேல்தட்டுல இருக்கறதுங்க."

ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே காயில் இல்லை. வயர் இல்லை. வெறும் தகரப் பெட்டி. எல்லாவற்றையும் பிரித்து எடுத்து இரண்டு மாதமாகிறது என்றான்.

மருதாள் வீட்டுக்கு நடந்தாள். கரண்ட் இல்லாத நேரம். தெருவே அமைதியாகக் கிடந்தது. அவள் வீட்டு வாசலில் பழனாயி புது லாடமும் ஆணியுமாக நின்றிருந்தாள்.

பூட்டிய கதவுக்கு உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

டர்ர்ர்ர்...

"இதையாச்சும் அடிச்சு வை அம்மிணி" என்றாள் பழனாயி.

மருதாள் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

"வேண்டாமுங்க அக்கா. நாளைக்குத் துணி எடுக்க வந்துருவாங்க. ரெண்டு பேரும் தெச்சாத்தான் முடியும்."