உனக்கு மட்டும் எழுதிய மாத்திரை

இந்த ஊரில் டாக்டர் சீட்டைக் கையில் கொடுப்பதில்லை. கணினியில் ஏதோ தட்டுகிறார், நாம் மருந்துக் கடைக்குப் போவதற்குள் அது முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது. கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வரும்போது எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் சீட்டுதான் சொத்து. ஒருமுறை எழுதி வாங்கிவிட்டால் சாமி படத்துக்குப் பின்னால் வருடக்கணக்கில் இருக்கும். எனக்கு எழுதியது அக்காவுக்கு, அக்காவுக்கு எழுதியது பக்கத்து வீட்டுக்கு. அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. முகம் முழுக்கப் பரு, கட்டி கட்டியாகப் பழுத்துக் குழி விழுந்து ஆறுகிறது. இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. குளியலறைக் கண்ணாடியைத் துண்டால் மூடி வைத்திருக்கிறாள். இதற்கு வலுவான மாத்திரை ஒன்று உண்டு, ஐசோட்ரெட்டினாயின் என்று பெயர். எங்கள் குடும்ப டாக்டரோ எட்டு மாதமாகக் களிம்பு களிம்பாக எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் அக்காவிடம் போனில் புலம்பினேன்.

"இதுக்கா இத்தினி நாளா அழுதுகினு இருக்க? பேர அனுப்புடி. இங்க மெடிக்கல்ல கேட்டா குடுத்துடுவாங்க. பார்சல் போட்டுடறேன்."

அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார். பேசியதெல்லாம் பயமுறுத்தல்தான். மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. மனது சோர்ந்தால் உடனே சொல்ல வேண்டும். இந்த மருந்து உடலில் இருக்கும்போது கர்ப்பம் தரித்தால் குழந்தை ஊனமாகப் பிறக்கலாம், அதனால் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு.

"என் மகள் அப்படிப்பட்ட பெண் இல்லை" என்றேன்.

"எப்படிப்பட்ட பெண்?" என்று கேட்டார் அவர். கிண்டல் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். பிறகு, நிலாவிடம் தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார். பெற்றவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிற வைத்தியம் எந்த ஊரில் உண்டு? நடைவழி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எனக்குப் பதினேழு வயதில் இதே முகம் இருந்தது. எங்கள் ஊர் நைனார்பாளையத்திலிருந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி டாக்டரிடம் போனோம். "கல்யாணம் ஆனா தானா போய்டும்" என்றார். நான் அங்கேயே அழுதேன். அரை மனதோடு டெட்ராசைக்ளின் கேப்சூல் எழுதினார். "உனக்கு மட்டும்தாம்மா. வூட்ல வேற யாருக்கும் குடுத்துடாத" என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருடம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, மாட்டு வண்டிகூட நகரவில்லை. ஊருக்கு வந்திருந்த அக்காவின் மகன் முருகனுக்கு இரண்டு வயது. காய்ச்சலில் அனலாய்க் கொதித்தான், மூச்சு இழுத்தது. என் கேப்சூலைப் பிரித்துப் பாதித் தூளைத் தேனில் குழைத்துக் காலையும் மாலையும் நான்தான் நாக்கில் தடவினேன். ஒரு வாரத்தில் எழுந்து ஓடினான். வீடே என்னை மெச்சியது. அதன்பின் அவனுக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும் அந்தச் சீட்டுதான்.

அவனுக்கு ஏழு வயதில் முளைத்த பற்கள் துருப்பிடித்த நிறத்தில் வந்தன. ஊர்த்தண்ணீர் சரியில்லை என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மருந்து கொடுத்தால் பல்லில் கறை தங்கிவிடும் என்று இங்கே ஒரு பல் டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தன் கல்யாணப் படத்திலும் வாயைத் திறக்காதவன் முருகன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன். "அந்த மாத்திர அனுப்பாதக்கா."

"இன்னாடி ஆச்சு?"

சொல்லிவிட்டேன். கேப்சூல், தேன், பல், எல்லாம்.

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

"பதினஞ்சு வருஷமா."



"அன்னிக்கு நீ குடுக்கலன்னா எம் புள்ள இருந்திருப்பானா? அதச் சொல்லு மொதல்ல."

"பார்சல மட்டும் போட்டுடாதக்கா" என்றேன்.

"முருகன்தான் மாத்திர வாங்கப் போயிருக்கான்" என்றாள் அக்கா. "நம்ம பாப்பாவாச்சும் வாய்விட்டுச் சிரிக்கட்டும்மான்னு சொல்லிட்டுப் போனான்."

அந்தப் பார்சல் வந்தால் நான் பிரிக்கப் போவதில்லை. தூக்கிப் போடவும் எனக்குக் கை வராது. கதவைத் திறந்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அக்கா இன்னும் லைனில் இருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே போனேன்.