சிலிக்கான் துண்டுல வச்ச சந்தனப் பொட்டு

எங்க காலேஜுக்கு வெளியூர்ல இருந்து வார எக்ஸாமினர் யாரும் சும்மா வர மாட்டாங்க. பையில துண்டும் எண்ணெய்க் குப்பியும் இருக்கும். காலையில குத்தாலத்து அருவி, மத்தியானம் பரிச்சை. நான் கெமிஸ்ட்ரி லேப்ல அட்டெண்டர். பள்ளிக்கூடத்துக்குப் போனவன் இல்ல. காலேஜை விட்டுப் போவத்தான் இப்போ மனசில்ல.

வடகரையில இருந்து ஒரு பிள்ளை ஆராய்ச்சிக்கு வந்துது. சிலிக்கான்னு ஒரு வில்லை, முகம் பாக்கலாம், அப்படி மினுங்கும். அதுமேல பொடிப்பொடியா வெள்ளியை ஒட்ட வச்சு அமிலத்துல போட்டா, வெள்ளி உக்காந்த எடமெல்லாம் குழி விழுந்து கறுத்துப் போவுமாம்.

"வெள்ளியாம்மா அரிக்குது?"ன்னேன்.

"இல்ல அண்ணாச்சி, அரிக்கது அமிலம். வெள்ளி தூண்டி மட்டும் விடும். அது கரையாது."

எனக்கு வெளங்கிட்டு. கல்யாண வீட்ல ரெண்டு சம்பந்திக்கும் மூட்டி விட்டுட்டு, சட்டை கசங்காம பந்தியில உக்காருவான் பாருங்க, அவன்தான் வெள்ளி. எங்க சொந்தத்துலயே ஒருத்தன் இருக்கான், பாவூர்சத்திரத்துல கத்தரிக்கா யாவாரம். அவன் கதை கெடக்கட்டும்.

அந்த ஆராய்ச்சியைப் பாக்க எக்ஸாமினர் வர முந்தி ஆயுத பூசை வந்துட்டு. எங்க புரொபசருக்குப் பக்தி சாஸ்தி. சந்தனக் கிண்ணத்தை என் கையில குடுத்துட்டு, தராசு, அடுப்பு, ஃபேன் சுவிட்சுன்னு ஒண்ணு விடாம அவரே பொட்டு வச்சாரு. கண்ணாடித் தட்டுல அந்தப் பிள்ளையோட சிலிக்கான் துண்டு. மத்ததெல்லாம் உடைஞ்சு அது ஒண்ணுதான் பாக்கி.

"சார், இது பிள்ளையோட ஆராய்ச்சில்லா?"

"அதுக்கும் நல்லது நடக்கட்டும்வே"ன்னு நட்ட நடுவுல வச்சுட்டாரு.

லீவு முடிஞ்சு வந்த பிள்ளை போட்ட சத்தத்துல, பக்கத்து லேப்ல ஒருத்தன் கண்ணாடிக் குழாயைக் கீழ போட்டுட்டான். கழுவுனா, தொடைச்சா, வெள்ளித் தண்ணியில முக்கி அமிலத்துல போட்டு எடுத்தா. முழுக்க தோசைக்கல்லு கறுப்பு. நடுவுல மட்டும் வட்டமா பளபளன்னு இருக்கு. சந்தனப் பிசுக்கு போவல, அங்கன வெள்ளி ஒட்டல. அன்னைக்குத்தான் எக்ஸாமினர் வருதாரு. புதுசா வாங்கி மறுபடி செய்யணும்னா பட்டம் தள்ளிப் போயிரும். அழுவுதா பிள்ளை.

புரொபசர் வந்து பாத்துட்டு, "எவன்லே இதுல கை வச்சது?"ன்னாரு. நான் அவரு விரலையே பாத்தேன்.

"என்னை என்னவே பாக்கீரு?"

"ஒண்ணுமில்ல சார்."

எக்ஸாமினர் தலை ஈரம் காயாம வந்தாரு. சிலிக்கான் துண்டைத் தூக்கிப் பிடிச்சு, "இது என்னம்மா வட்டம்?"ன்னாரு.

பிள்ளை புரொபசரைப் பாத்தா, என்னையப் பாத்தா. "ஆயுத பூசைக்கு சார் வச்ச பொட்டு சார். அங்கன வெள்ளி ஒட்டல, அதான் அமிலம் தொடல. சுத்தியும் அதே அமிலம்தான், அதே நேரம்தான்."

அவரு கண்ணாடியைக் கழத்தித் தொடைச்சுப் போட்டு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "வெள்ளிதான் காரணம்னு சொல்லணும்னா, வெள்ளி இல்லாத எடமும் பக்கத்துலயே வேணும். இருக்கே!"ன்னு கையெழுத்துப் போட்டாரு.

"நான் யோசிச்சுத்தான் வச்சேன்"ன்னாரு புரொபசர்.

பிள்ளை பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஆமா சார்"ன்னா. கையெழுத்து இன்னும் காயலல்லா.