மாடியில் பெட்டி, கீழே வைஃபை

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது மனைவியின் லேப்டாப் திரை. முழுக்கக் கறுப்பு, மேல் மூலையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வெள்ளை வரி. டிஸ்க் கிடைக்கவில்லை என்றது அது. அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்துட்டேங்க. இதேதான் வருது."

அன்று பதினொரு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. ஓசூர் சிப்காட்டில், இரு சக்கர வாகனங்களுக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. மகள் பிறந்தபோது வேலையை விட்டவள், அதன்பின் வீட்டில் இருந்தபடியே சின்னப் பட்டறைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்துவந்தாள். அனுபவச் சான்றிதழ் எழுதித் தரும் பழக்கம் அந்தப் பட்டறைகளுக்கு இல்லை. அவர்களுக்கு அனுப்பியதும் வெறும் பிடிஎஃப். "கம்ப்யூட்டரில் வரைந்த மாடல்களைக் கொண்டுவந்து திறந்து காட்டுங்கள்" என்று தொழிற்சாலையில் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருடம் அவள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்த மாடல்கள் மட்டுமே ஆதாரம்.

நகல் இருக்க வேண்டும். ஹாலில் ஃபிரிட்ஜ் மேல், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வைஃபை வழியாக லேப்டாப்பில் இருப்பதைத் தானே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். வயர் சொருகும் துளை அதில் கரன்டுக்கு மட்டும்தான். பச்சை விளக்கு எரிந்தால் நெட்வொர்க்கில் இருக்கிறது என்று அர்த்தம். பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது.

என் அலுவலக லேப்டாப்பில் தேடினேன். அப்படி ஒரு கருவியே இல்லை என்றது. மறுபடி தேடினேன். இல்லை.

பெட்டியின் அடியில் ரீசெட் செய்ய ஊசித் துளை ஒன்று உண்டு. ரீசெட் செய்தால் உள்ளே இருப்பது தங்குமா, அழியுமா என்று அதனுடன் வந்த தாளில் எழுதியிருக்கவில்லை. சேஃப்டி பின்னை எடுத்துத் துளையில் வைத்தேன்.

"வேணாங்க. குத்திராதீங்க." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பச்ச எரியுதுல்ல? எதுலயோ சேந்துதான் இருக்கு."

"நம்ம வைஃபைல இல்ல."

"பின்ன யாரோடதுல?"

அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் என் திரையில் வரிசையாக இருந்தன. அவள் மூன்றாவது பெயரில் விரலை வைத்தாள். எங்கள் பழைய பெயர். இரண்டு மாதம் முன்பு ஃபைபர் இணைப்புக்கு மாறியபோது, பழைய இணைப்பையும் ரூட்டரையும் கீழ்வீட்டு ஓனர் அக்காவுக்கே கொடுத்துவிட்டோம். அவர்கள் வீட்டு போன்களில் எங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே இருந்ததால் பெயரைக்கூட யாரும் மாற்றவில்லை. பெட்டியில் புதுப் பெயரை நாங்களும் போடவில்லை. அது தரையைத் தாண்டிப் பழைய ரூட்டரையே பிடித்துக்கொண்டிருந்தது.

பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினேன். பெட்டியில் விளக்கு சிவப்பாகியிருந்தது.

பால்கனிக்கு ஓடினேன். கீழே அக்கா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தார்.

"அக்கா, மெயின ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"ஆமாப்பா. குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போறோம். ஏன், மேல தண்ணி வர்லயா?"

"தண்ணி இல்லக்கா, வைஃபை. இவளுக்கு இன்னிக்கு இன்டர்வியூ."

"அய்ய, அதுல நெட்டே இல்ல. ரீசார்ஜ் முடிஞ்சு நாலு நாளாச்சு. காசு கட்டாத நெட்ட வச்சி உம்பொண்டாட்டிக்கு வேல வாங்கப் போறியா?"

"நெட்டு வேணாங்க்கா. உங்க ரூட்டருக்கு கரன்ட் இருந்தா போதும்."

"வெயிலேறிட்டா நல்ல மாடெல்லாம் போயிடும். நமக்கு நிக்கிறது கெழடுதான்," என்றார் வண்டியில் இருந்தவர்.

"ஆகண்டி," என்று தெலுங்கில் அவரை அடக்கினார் அக்கா. "எனக்கு வந்ததும் கெழடுதான், ஓட்டலயா?" பூட்டைத் திறந்து மெயினைப் போட்டார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

விளக்கு சிவப்பிலேயே நின்றது. பிறகு மினுக்கியது. பச்சையானது.

ஃபோல்டர் திறந்தது. கடந்த இரண்டு மாதங்களில் சில நாட்களின் வேலை இருந்தது, பல நாட்களுடையது இல்லை. காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். எங்கள் படுக்கையறை கீழ்வீட்டு ரூட்டருக்கு நேர் மேலே. அங்கே புது சிக்னல் எட்டாது, லேப்டாப் தானாகப் பழைய பெயருக்குத் தாவிவிடும். படுக்கையறையில் செய்த வேலை பெட்டிக்குப் போயிருந்தது. ஹாலில் செய்தது போகவில்லை.

அவள் முதலில் தேடியது, சைலன்சரைப் பிடித்துவைத்து வெல்டிங் செய்வதற்கான ஃபிக்சர். இன்டர்வியூவுக்கு அதைத்தான் நம்பியிருந்தாள். திறந்தாள். அடித்தட்டும் தாங்கிகளும் இருந்தன.

"இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஒண்ணுமே இல்ல. அதெல்லாம் ஹால்ல உக்காந்து போட்டது."

"இது போதுமா?"

"போதாது."

ஆனாலும் இருந்ததை எல்லாம் பென் டிரைவில் ஏற்றினோம். பிரதி ஏறும் பச்சைப் பட்டை இரண்டு முறை நின்று நின்று நகர்ந்தது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவளைத் தொழிற்சாலை கேட்டில் இறக்கினேன். செக்யூரிட்டி பென் டிரைவை வாங்கி, உறையில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே தருவார்கள் என்றார். அவள் அந்த உறையைப் பார்த்தபடியே உள்ளே போனாள்.

ஒரு மணிக்கு மேல் வெளியே வந்தாள்.

"கிளாம்ப் எங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"நடந்தத சொன்னேன். ஒருத்தர் சிரிச்சாரு. இன்னொருத்தர், அவங்க கம்ப்யூட்டர்லயே உக்காந்து போடுங்கன்னுட்டாரு."

"போட்டியா?"

"ஒரு பக்கம் முடிச்சேன். மறுபக்கத்துக்கு நேரமில்ல, எந்திரிங்கன்னாங்க."

அடுத்த மாதம் அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள், டிரெய்னியாக.