பால்காரம்மாவின் சிப்பிகள்

கத்தி நுனியைச் சிப்பியின் மூட்டில் செருகி ஒரு திருப்புத் திருப்புகிறாள். ஓடு வாயைப் பிளக்கிறது. உள்ளிருக்கும் சதையை விரலால் மெல்ல அழுத்துகிறாள். கெட்டியாக, வெள்ளையாக வழிந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். "பால் கட்டியிருக்குடி என் தங்கம்!" இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பால்காரம்மா என்று பெயர் வந்தது. வீட்டில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பந்தல் போட்டு, கயிறுகளில் சிப்பிகளைத் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள் அவளும் கணவரும் கொழுந்தனும். படகில் ஏறியதும் தண்ணீரில் விரலை நனைத்து நக்கிப் பார்ப்பாள். "இன்னும் கரிக்குது" என்று துப்புவாள். மழை பெய்து உப்புக் குறைந்தால்தான் கொழுத்த சிப்பிகள் பால் மாதிரியான அந்தக் கருவைத் தண்ணீரில் விடும். அப்புறம் அவற்றின் சதை நீர்த்துப்போகும். சில வாரங்களுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். நீந்தித் திரியும் குஞ்சுகளோ, சுத்தமான பழைய ஓடு கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே ஓடுகளை மாலையாகக் கோத்துத் தண்ணீருக்குள் கட்டுவார்கள்.

போன பருவத்தில் ஆசைப்பட்டு மாலைகளை முன்கூட்டியே கட்டச் சொன்னது அவள்தான். குஞ்சு வருவதற்குள் பாசி குடியேறிவிட்டது. பந்தலில் பாதி இன்னும் வெறுங்கயிறு. இந்த முறையும் தவறினால் அடுத்த வருடம் வளர்க்க ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் கொழுத்த சிப்பிகளைக் கேட்டு வந்த வியாபாரியை வெறுங்கையோடு அனுப்பினாள்.

"கொழுத்திருக்கிறப்ப குடுக்காம, நோஞ்சானாக்கி வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?" என்றார் கணவர்.

"தாயெல்லாம் வித்துட்டுப் பிள்ளைக்கு எங்க போவீங்க?"

ஒருநாள் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் தண்ணீர் சப்பென்று இருந்தது. சிப்பியைத் திறந்தாள். சதை தொளதொளத்துக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. "காலி! எல்லாம் காலி!" என்று அவள் குதித்த குதியில் படகு கவிழப் பார்த்தது. சரக்கு மெலிந்ததற்கு இப்படி ஆடுகிறவள் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான்.

"இப்பவாவது மாலையக் கட்டலாமா அண்ணி?"

"பொறுடா தம்பி. கொஞ்ச நாள் நீச்சலடிச்சுத் திரியட்டும். ஒட்டுற வயசு வரட்டும்."

அவள் சொன்ன நாளில் கட்டினார்கள். கட்டிய நாளிலிருந்து கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இன்று முதலாவது ஓட்டு மாலையை மேலே இழுத்தார்கள். கணவர் ஓட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"தடவிப் பாருங்க."

கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. தடவினார். "வெறும் ஓடுதான்டி."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஓட்டை வாங்கிக் கட்டைவிரலை ஓடவிட்டாள். மிளகைவிடச் சின்னதாக, வரிசை தப்பி, குஞ்சுகள் சொரசொரவென்று தட்டுப்பட்டன. கணவரின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, காலையில்தான் மழித்திருந்த அவர் கன்னத்தில் அந்த ஈர ஓட்டை வைத்து மெல்ல ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.